முள் ஏறாத பெருவிரல்

வெள்ளத்துரையின் வலது கால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் வெள்ளத்துரைக்குச் சொந்தம்.

அதற்கப்புறம் அது திருநெல்வேலி சர்ஜன் பரமசிவனின் கத்திக்குப் போய்விடும். கணுக்காலுக்கு மேலே ஒரே வெட்டு. எழுபத்தொன்பதாம் வருஷம், கோமதியம்மன் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய வாரம். சங்கரன்கோவில் முழுக்க மைக் செட் அலறிக்கொண்டிருக்க, ரத வீதியிலிருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமின் மாடி அறையில் மட்டும் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

டாக்டர் உச்சிமாகாளிக்கு அந்தக் கால் வெறும் கேஸ் இல்லை. அவர் பள்ளிக்கூடம் போனதே அந்தக் காலை நம்பித்தான்.

வெள்ளத்துரை, 'பூமாரி' பஸ்ஸின் டிரைவர். சங்கரன்கோவிலில் கிளம்பி, குருவிகுளம், இளையரசனேந்தல் வழியாகக் கோவில்பட்டிக்குப் போய்த் திரும்பும் வண்டி. இளையரசனேந்தலுக்குப் பக்கத்தில், ஆட்டுக் கிடைகளும் கம்மங்காடும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு பட்டியில்தான் உச்சிமாகாளி பிறந்தது. அங்கே பஸ் ஸ்டாப் கிடையாது. ஒரு உடைமரம் உண்டு. அதன் கீழே டவுசர் போட்ட பையன் ஒருத்தன் புத்தகப் பையோடு நிற்பான். வெள்ளத்துரை வண்டியை நிறுத்துவார். பையன் இன்னும் வரவில்லை என்றால் ரப்பர் ஹாரனைப் பிசைந்து பிசைந்து பட்டியையே எழுப்புவார். டிக்கெட் செக்கர் எழுதிப் போட்ட புகாருக்கெல்லாம் அவருடைய பதில் ஒன்றுதான்: "எஞ்சின் சூடாயிட்டுய்யா, ஆத்துறதுக்கு நிப்பாட்டுனேன்."

பையனுக்கு இடம் டிரைவர் பக்கத்தில், எஞ்சின் பானெட் மேல் விரித்த சாக்கில். மார்கழி விடியலில் அந்தப் பானெட்டின் சூடு இருக்கிறதே, அது போல ஒரு சுகத்தை உச்சிமாகாளி பிற்காலத்தில் எந்த மெத்தையிலும் அனுபவித்ததில்லை. சும்மா உட்கார விடமாட்டார் வெள்ளத்துரை. கோவில்பட்டியில் வாங்கிய வாரப் பத்திரிகையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். "ஏலே மக்கா, போன வாரம் அந்தப் பொட்டப்புள்ளய கெணத்துல தள்ளுனது யாருன்னு பாரு." எஞ்சின் இரைச்சலுக்கு மேல் தொண்டை கிழியப் படிக்க வேண்டும். தொடர்கதை முக்கியமான இடத்தில் நின்றுவிட்டால் வெள்ளத்துரைக்குக் கோபம் வரும். கியரை ஒரு அடி அடிப்பார். வண்டியே குலுங்கும். பின்னால் கோழிக் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு விஷயம் புரியாது.

அந்த உடைமரத்தடியில் அவனுக்காக பிரேக் போட்ட கால்தான் இப்போது வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி வீங்கிப் படுக்கையில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை, குருவிகுளம் விலக்குக்கு அப்பால் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றக் கரிசல் மண்ணில் ஜாக்கியை நிறுத்தியிருக்கிறார்கள். மண் இளகி ஜாக்கி சரிந்தது. சக்கரத்தின் டிரம், வெள்ளத்துரையின் பாதத்தில் இறங்கிவிட்டது. தோல் கிழியவில்லை. எலும்பு பெரிதாக உடையவும் இல்லை. ஆனால் விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, தொட்டால் சில்லென்று இருந்தன. பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்க்கிற நாடி, வீக்கத்துக்குள் எங்கேயோ முங்கிக் கிடந்தது. இருக்கிறதா, நின்றுவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?

ரத்தம் ஓடாத கால், செத்த கால். அதை விட்டுவைத்தால் மேலே உள்ள ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் உச்சிமாகாளி ஒரு தகரப் பெட்டியோடு மாடியேறினார். பிஸ்கட் டின். அதன் முகத்தில் முள் வைத்த ஒரு மீட்டர், ஒரு சுவிட்ச். பின்னாலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகு அளவு ஒரு மணி. சூடு படப் பட அந்த மணி கரண்டை அதிகமாக விடும், மீட்டரில் முள் ஏறும். காலேஜில் பூட்டி வைத்திருந்த சீமைக் கருவியைப் பார்த்து வைத்துக்கொண்டு, சண்முகையா ரேடியோ கடையில் உட்கார்ந்து இரண்டு பேருமாகச் செய்தது. சண்முகையா அதற்குச் சூட்டுப் பெட்டி என்று பேர் வைத்திருந்தார்.

"என்ன மக்கா, ரேடியோவா?" என்றார் வெள்ளத்துரை. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மக்கான்னுட்டேன். டாக்டரய்யா!"

"நீங்க மக்கான்னே கூப்பிடுங்க அண்ணாச்சி. வண்டி சூடாயிட்டுன்னா என்ன செய்வீய?"

"ரேடியேட்டரப் பாப்பேன். மேல் ஓஸுக் குழாயத் தொடுவேன், கீழ் ஓஸத் தொடுவேன். மேல கொதிக்கி, கீழ சில்லுன்னு கெடக்குன்னா நடுவுல அடைப்பு. தண்ணி ஓடல."

"அம்புட்டுதான் சங்கதி. ரத்தம்தான் தண்ணி. உங்க பெருவிரல்தான் கீழ் ஓஸு. நாளைக்கு உங்க ரெண்டு கையயும் வெந்நிக்குள்ள வைக்கப்போறேன்."

"கால்ல அடிபட்டதுக்குக் கைக்கு வைத்தியமா? நல்லாருக்கு வே!"

உச்சிமாகாளி சிரித்தார். "கை சூடானா உடம்புல உள்ள ரத்தமெல்லாம் சூடாகும். உடம்பு அந்தச் சூட்டக் கழிக்கப் பாக்கும். கால்ல உள்ள குழாயெல்லாம் தானா தொறக்கும். ரத்தம் பாயும். பெருவிரல் சுடும். இந்தப் பெட்டியில முள்ளு ஏறும். எம்புட்டு வெரசா ஏறுதோ அம்புட்டு ரத்தம் ஓடுதுன்னு ஒரு கணக்குக்கு வரலாம்."

"ஏறலன்னா?"

டாக்டர் வயர்களைச் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஆடிக் காற்று ஒரு சினிமா போஸ்டரைக் கிழித்துக்கொண்டு போனது.

கீழே ஃபோன் அடித்தது. திருநெல்வேலியிலிருந்து ட்ரங்க் கால்.

அந்தக் காலத்து ட்ரங்க் காலை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ரகசியம் என்பதே அதில் கிடையாது. இந்தப் பக்கம் பேசுகிறவர் கத்துகிற கத்தலில் தெருக்கோடி டீக்கடைக்கே விஷயம் போய்விடும். அதிலும் பாதிதான் போகும்.

"ஹலோ சார்! உச்சிமாகாளி பேசுதேன்! ஆமா, டிரைவர் கால்தான்! உடனே எடுக்க வேண்டாம் சார்! முள்ளு! முள்ளு சார்! பெருவிரல்ல முள்ளு ஏறணும்! நல்லா ஏறணும்! நாளைக்கு நீங்க வந்ததும் உங்க கண்ணு முன்னாலயே ஏத்திக் காட்டுதேன்!"

அந்தப் பக்கம் சர்ஜன் பரமசிவன் சிரித்தது கரகரவென்று கேட்டது. "சரிலே. முள்ளு ஏறுனா காலு அவனுக்கு. ஏறலைன்னா எனக்கு. அப்புறம் கூட ஒரு நாள், கூட ஒரு நாள்னு இழுக்கக் கூடாது."

"சரி சார்."

ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தால், வாசல்படியில் தூக்குச்சட்டியோடு வெள்ளத்துரையின் மனைவி முப்பிடாதியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மைனி, பயப்படாதீங்க. கடைசி வரைக்கும் பாக்கேன்."

அவள் தூக்குச்சட்டியை அங்கேயே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோவில் பக்கமாக நடந்தாள். புருஷனுக்குக் கால் போகப்போகிறதே என்ற கலக்கம் என்றுதான் உச்சிமாகாளி நினைத்தார்.

*

வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. ஊருக்குள் கரிவலம், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கூட்டமெல்லாம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியிருந்தது. பரமசிவனின் அம்பாசடர், வேண்டுதலுக்காகக் கோவிலைச் சுற்றி ஆடிச்சுத்து சுற்றுகிற பெண்களுக்குள் மாட்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்து சேர்ந்தது.

நெற்றியில் விபூதியும் கையில் தோல் பையுமாக மாடியேறி வந்தார் பரமசிவன். பெட்டியைப் பார்த்தார். "ஏலே உச்சி, இதுல சிலோன் ரேடியோ எடுக்குமா?"

"நீங்க முதல்ல உக்காருங்க சார்."

நர்ஸ் ஷம்சாத் பேகம் இரண்டு பித்தளைப் போணிகளில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். பொறுக்கிற சூடு. வெள்ளத்துரையின் மேல் கம்பளி போர்த்தியாயிற்று. கட்டிலின் இரு பக்கமும் ஸ்டூல் போட்டு, முழங்கை வரைக்கும் இரண்டு கைகளும் தண்ணீருக்குள். பாதத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துணியைத் தாண்டிப் பெருவிரல் மட்டும் எட்டிப் பார்த்தது. ஷம்சாத் அதன் நுனியில் மணியை வைத்து ஒட்டினாள். இன்னொரு மணி, நல்ல காலான இடது காலில்.

"கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு சோடனை கெடையாது," என்றார் வெள்ளத்துரை. நெற்றியில் வியர்வை அரும்ப ஆரம்பித்தது.

முதலில் இடது. உச்சிமாகாளி சுவிட்சைத் தட்டினார். கொஞ்ச நேரம் முள் சும்மா கிடந்தது. அப்புறம் தூங்கி எழுந்தவன் மாதிரி ஒரு அசைவு. மெல்ல மெல்லக் கிளம்பி, வேகம் பிடித்து, மீட்டரின் முக்கால் பாகத்தைத் தாண்டி ஏறியது.

"பேஷ்," என்றார் பரமசிவன். நிஜமாகவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப வலது."

சுவிட்ச் மாறியது.

முள் அடியை ஒட்டிக் கிடந்தது.

காத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகக் காற்று வீசியது. கீழே நாயனச் சத்தம் நெருங்கி வந்து விலகிப் போனது. ஷம்சாத் போணிகளில் புதிதாக வெந்நீர் மாற்றினாள். உச்சிமாகாளி பெட்டியின் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். வயரை அசைத்துப் பார்த்தார். மறுபடி இடது: மேலே நின்றது. மறுபடி வலது: கீழே கிடந்தது. ஏறுவதை விடுங்கள், ஒரு நூல் இறங்கியிருந்தது!

பெட்டியில் கோளாறு இல்லை. உடம்பிலும் கோளாறு இல்லை. அந்த ஒரு காலுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

பரமசிவன் எழுந்து, உச்சிமாகாளியின் தோளில் கை வைத்தார். கேலி இல்லை. "நல்ல யோசனைலே. கருவி சரியாத்தான் சொல்லுது. நான் கீழ போய்க் கை கழுவுதேன். ஒரு ஹெர்னியா இருக்கு. அடுத்தது இது."

வெள்ளத்துரை இரண்டு கைகளையும் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வலது காலுக்கு. அந்தக் கால் இல்லாமல் டிரைவர் என்று ஒரு ஆள் கிடையாது.

"ஏ மக்கா," என்றார். "எடுத்த கால என்ன செய்வாங்க?"

உச்சிமாகாளியால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தார்.

*

வராந்தாவில் முப்பிடாதியம்மாள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, உதடு அசைய உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு விருட்டென்று எழுந்தாள்.

இதை எப்படிச் சொல்வது? எந்தப் பாடத்திலும் இல்லை.

"மைனி... எம்புட்டோ பாத்தோம். பெருவிரல்ல முள்ளு ஏறல."

"ஏறலையா?"

"கொஞ்சம்கூட ஏறல."

முப்பிடாதியம்மாளின் முகம் மலர்ந்தது. சாதாரண மலர்ச்சி இல்லை. பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "தாயே கோமதி! எங் கொலசாமி! கண்ணத் தொறந்துட்டியே! ஒத்தக் கால்ல தபசு நின்னவளுக்கு ஒரு காலோட அரும தெரியாமலா போவும்!"

உச்சிமாகாளி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டதா? புருஷனுக்குக் கால் போகப்போகிறது, இவள் சிரிக்கிறாள்!

"மைனி, நான் சொன்னது புரிஞ்சுதா? முள்ளு ஏறல."

"அதத்தான டாக்டரய்யா விடிய விடியக் கேட்டேன் அவகிட்ட! ஏற்கெனவே நசுங்கிக் கெடக்க காலு. அதுல போயி முள்ள ஏத்திக் காட்டுதேன்னு நேத்து நீங்க போன்ல சொல்லுதீய. ஏறணும், நல்லா ஏறணும்னு கத்துதீய. எனக்குக் கொலையே நடுங்கிட்டு. கருவ முள்ளோ, கள்ளி முள்ளோ, என்ன எளவோ, எம் புருஷன் கால்ல ஏறக் கூடாதுன்னு சாயங்காலமே போயி ஆடிச்சுத்து சுத்துனேன்."

ஷம்சாத் கதவருகே வந்து நின்று, "யா அல்லாஹ்," என்றாள் மெதுவாக.

"மைனி, அது அந்த முள்ளு இல்ல. கடியாரத்துல இருக்குமே, அந்த மாதிரி முள்ளு. பெட்டிக்குள்ள இருக்கு. அது மேல ஏறுனாத்தான் கால்ல ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். ஏறுனாத்தான் காலு பொழைக்கும்."

அவளுக்கு அது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. போய்ச் சேர்ந்ததும் மலர்ச்சி அப்படியே அணைந்தது. கை தானாக வாய்க்குப் போனது.

"அப்ப நான் தடவுனதாலதான் ஏறலையா?"

"என்ன தடவுனீய?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"மைனி! என்ன தடவுனீய?"

"புத்துமண்ணு," என்றாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது. "எதையும் போடக் கூடாதுன்னுதான் சொன்னீய. மனசு கேக்கல. கோவில்ல எடுத்துட்டு வந்து கொழச்சு, இவுக கண்ணசந்தப்ப உள்ளங்காலுலயும் வெரலு இடுக்குலயும் அப்பி, நீங்க கட்டுன துணியாலயே மறுபடி கட்டிட்டேன். பெருவெரல் வெளிய தெரியுமேன்னு அத மட்டும் தொடச்சு விட்டேன். குளுமையா இருக்கட்டும்னு சாமம் சாமமா கோவில் நாகசுனைத் தண்ணியத் தெளிச்சுக்கிட்டே இருந்தேன்."

குளுமையா இருக்கட்டும்னு!

உச்சிமாகாளி அறைக்குள் ஓடினார். கட்டை அவிழ்த்தார். மேல் சுற்று மட்டும் காய்ந்து, அடியில் ஈரத்தில் கனத்துப்போயிருந்த துணி சுருள் சுருளாகக் கழன்றது. உள்ளே அரைத்த சந்தனம் மாதிரி நைசாக, பழுப்பாக, ஈரம் சொட்டச் சொட்ட மண். அந்த வாசனை! கோடையில் உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடந்தபோது அம்மா இதே மண்ணைக் குழைத்துத் தடவி அவரைக் காற்றாட உட்கார வைத்திருக்கிறாள். எரிச்சலெல்லாம் அடங்கி, ஐஸ் கட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படி. ஈரம் காற்றில் உலர உலரச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதிலும் இந்த ஆடிக் காற்றில்!

ரத்தம் கொண்டுவந்து கொட்டுகிற சூட்டையெல்லாம் மண் குடித்துவிட்டது. முள் எப்படி ஏறும்?

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. வெள்ளத்துரை மிரண்டுபோய் ஷம்சாத்தைப் பார்த்தார். "ஏம்மா, இவருக்கு என்ன ஆச்சு? இவரயும் கட்டில்ல போடணுமா?"

சிரிப்பு பாதியில் நின்றது. மண்ணால் முள் ஏறாமல் போயிருக்கலாம். நிஜமாகவே ரத்தம் இல்லாமலும் போயிருக்கலாம். இரண்டில் எது? பெட்டி இன்னும் பதில் சொல்லவில்லை. கீழே பரமசிவன் கத்தியைக் கையில் எடுத்திருப்பார்.

*

படியிறங்கி ஓடி, தியேட்டர் கதவைத் திறக்காமலே வெளியே நின்று விஷயத்தைச் சொன்னார்.

"ஏலே உச்சி," என்று மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மன் மண்ணுக்கும் ஒன் பெட்டிக்கும் சண்டைன்னா, நான் எந்தப் பக்கம் நிக்க?"

"இன்னொரு தரம் பாத்துடுதேன் சார்."

"இந்த ஹெர்னியா முடியுத வரைக்கும் ஒனக்கு டயம். முடிச்சுட்டு மேல வருவேன். அப்ப முள்ளு எங்கன நிக்கோ அதுதான் தீர்ப்பு."

ஷம்சாத் பாதத்தைக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் விட்டு விட்டுத் துடைத்தாள். மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் போக்கினாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. நாயனமும் மைக் செட்டும் திடீரென்று தூரமாயின. காய்ந்த கால் அறைச் சூட்டுக்கு வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு மாதிரி ஒன்றை உச்சிமாகாளி அதற்கப்புறம் அனுபவித்ததில்லை. பிற்காலத்தில் மதுரையில் அவர் கைக்கு எத்தனையோ கருவிகள் வந்தன. ரத்தம் பாயும் ஓசையையே ஒலிபெருக்கியில் கேட்கவைக்கிற கருவிகூட வந்துவிட்டது. வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடும். நல்லதுதான். ஆனால் ஒரு ஆஸ்பத்திரி அறையில் நாலு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பிஸ்கட் டின்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மத்தியானம் அப்புறம் வாய்க்கவே இல்லை.

வெந்நீரை இந்தத் தடவை முப்பிடாதியம்மாளே தூக்கிக்கொண்டு வந்தாள். புருஷனின் கைகளைத் தானே பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

"ஏட்டி, கொதிக்கிட்டி!"

"கொதிக்கட்டும். வாய மூடிக்கிட்டு இருங்க."

இடது கால். முள் ஏறியது. முன்னைப் போலவே.

வலது.

அடியில் கிடந்தது.

உச்சிமாகாளி கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். வெள்ளத்துரையின் கழுத்தில் வியர்வை வழிந்தது. கீழே தியேட்டரில் ஏதோ தட்டு கணீரென்று விழுந்தது. முடித்துவிட்டாரா?

"டாக்டர்," என்றாள் ஷம்சாத் கிசுகிசுப்பாக. "அசைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"காத்தா இருக்கும்."

"சன்னலெல்லாம் சாத்தியிருக்கு."

முள் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. முதல் கோட்டைத் தொட்டது. ஜன்னல் திண்டில் ஏறப் பார்க்கிற பூனை மாதிரி அங்கேயே கொஞ்சம் தயங்கியது. அப்புறம் ஏறியது. இடது கால் மாதிரி வேகமில்லை, மெல்ல, ஆனால் நிற்காமல். இரண்டாவது கோடு. மூன்றாவது.

"ஏறுதா?" என்றாள் முப்பிடாதியம்மாள். அவளுக்குப் பெட்டியைப் பார்க்கப் பயம். டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுது மைனி."

"ஏறட்டும்! ஏறு தாயே! நல்லா ஏறு! இன்னும் ஏறு!"

"ஏட்டி, கோவில்பட்டி பஸ்ஸுக்கு ஆளு ஏத்துத மாதிரி கத்தாத," என்றார் வெள்ளத்துரை. கண்ணைத் துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் தண்ணீரில்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பரமசிவன் உள்ளே வந்தார். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய்ப் பெட்டிக்கு முன்னால் குனிந்தார். பாதிக்கு மேல் வந்து நின்ற முள்ளைப் பார்த்தார். சுவிட்சைத் தானே இடதுக்கும் வலதுக்கும் மாற்றிப் பார்த்தார்.

"மத்த வெரலு?"

உச்சிமாகாளி மணியை ஒவ்வொரு விரலாக மாற்றி வைத்தார். இரண்டாவது, ஏறியது. மூன்றாவது, ஏறியது. நாலாவது, முக்கி முனகி ஏறியது. சுண்டுவிரலில் வைத்ததும் முள் சொல்லி வைத்தாற்போல் அடிக்கு விழுந்தது. காத்திருந்தும் எழும்பவில்லை.

"அது ஏறல சார்."

"அப்ப அத மட்டும் நான் எடுத்துக்கிடுதேன்," என்றார் பரமசிவன். "மிச்சத்த டிரைவரே வச்சுக்கிடட்டும்."

வெள்ளத்துரை கொஞ்ச நேரம் தன் சுண்டுவிரலையே உற்றுப் பார்த்தார். "எடுத்துக்கிடுங்கய்யா. அது கண்டக்டர் மாதிரி. சும்மா தொங்கிக்கிட்டுதான் வந்துச்சு."

*

எல்லாம் முடிந்து, மயக்கம் தெளிந்து வெள்ளத்துரை கஞ்சி கேட்கிற நேரத்திலும் முப்பிடாதியம்மாள் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சந்தோஷம் முழுசாக வரவில்லை. எதையோ மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். ஷம்சாத் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, இன்னும் என்ன யோசன?"

"அவகிட்ட ஏறக் கூடாதுன்னு வேண்டுனேன். அவளும் ஏறாம வச்சா. அப்புறம் நானே கழுவி விட்டு ஏற வச்சிட்டேன். கோவிச்சுக்கிட மாட்டாளா? குடுத்தத வேண்டாம்னு மொகத்துல எறிஞ்ச மாதிரி இல்லையா?"

ஷம்சாத் பேகம் பிறந்து வளர்ந்ததும் இதே ஊர்தான். ஆடித்தபசுக்கு வளையல் வாங்காத வருஷம் கிடையாது. "போயிச் சொல்லிருங்கக்கா. வார்த்த தப்பாப் போச்சு, அர்த்தம் இதுதான்னு. நீங்க தப்பாக் கேட்டீய, அவ நீங்க கேட்டதக் குடுத்தா. அவமேல குத்தம் இல்ல, உங்க மேலயும் இல்ல. எல்லாக் குத்தமும் அந்த ட்ரங்க் கால் மேலதான்."

உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த உச்சிமாகாளி வெளியே வரவில்லை. அது அவர் தலையிடுகிற விஷயம் இல்லை என்று தோன்றியது.

முப்பிடாதியம்மாள் எழுந்து போனாள். தெருவில் வெயில் சாய்ந்து, கூட்டம் இன்னும் பெருகியிருந்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், ஆடிச்சுத்து சுற்றுகிற பெண்களின் வெள்ளத்துக்குள் அவள் சேலை கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் எந்தச் சேலை அவளுடையது என்று தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். இலையில் கொஞ்சம் பொங்கல். மண் எதுவும் எடுத்து வரவில்லை என்று ஷம்சாத்திடம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு அறைக்குள் போனாள்.

வெள்ளத்துரை விழித்துக்கொண்டுதான் இருந்தார். "எங்கன போயிருந்த?"

"அவகிட்ட ஒரு சங்கதி சொல்ல வேண்டியிருந்துச்சு. சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"சிரிச்சா."

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். புதுக் கட்டைத் தாண்டி வெளியே தெரிந்த பெருவிரலை, பிறந்த பிள்ளையின் கையைப் பிடிக்கிற மாதிரி, கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு வாசலில் நின்ற டாக்டரைத் திரும்பிப் பார்த்து, அவருக்கே தெரியாத ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள்:

"சுடுது டாக்டரய்யா."